வடிகால் வாய்க்கால் அடைப்பு: மறியலில் தொடங்குவதா, ஆள் சேர்ப்பதில் தொடங்குவதா?

கோரையாறு:
எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிப் பக்கம். சம்பாவுக்கு நாற்று விட்டாகிவிட்டது. ஆனால் வடிகால் வாய்க்கால் முழுக்க ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் மண்டிக் கிடக்கிறது. கீழ்க்கோடியில் கரையை வெட்டி வயலோடு சேர்த்துக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். போன ஐப்பசியில் தண்ணீர் வடியாமல் இளம்பயிர் அழுகிப்போனது. மனு கொடுத்தால் 'நடவடிக்கையில் உள்ளது' என்ற பதிலோடு சரி. இளைஞர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று நிற்கிறோம். யாரும் கட்சியில் இல்லை, போராட்ட அனுபவமும் இல்லை. மெயின் ரோட்டில் மறியல் பண்ணலாம் என்று பாதிப் பேர் சொல்கிறார்கள். முதலில் ஊரைக் கூட்டலாம் என்று மீதிப் பேர். அடிபட்டுத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மன்னை மைந்தன்:
மறியல்தான், தம்பி. மழை வாசலில் நிற்கிறது. ஊரைக் கூட்டி, பேசி, மனு எழுதி முடிப்பதற்குள் பயிர் போய்விடும். ஒரு மணி நேரம் பஸ் நின்றால் தாசில்தார் நேரில் வருவார், எழுதித் தருவார். நம் டெல்டாவில் மீத்தேன் வாயு எடுக்கிற திட்டத்துக்கு 2011-இல் ஒப்பந்தம் போட்டவர்கள் 2013-இல் ஏன் நிறுத்தி வைத்தார்கள், 2015-இல் ஏன் தடை போட்டார்கள்? மக்கள் தெருவுக்கு வந்ததால்தான். ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து நெடுவாசலில் 2017-இல் மாதக்கணக்கில் பந்தலில் உட்கார்ந்தார்கள். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தால் நாடு திரும்பிப் பார்த்திருக்குமா?

வெண்ணாற்றங்கரை:
மன்னைத் தோழரின் கோபம் நியாயம்தான். ஆனால் மீத்தேன் கதையைப் பாதியிலிருந்து சொல்கிறார். தெருவுக்கு வருவதற்கு முன்னால் ஊர் ஊராகக் கூட்டம் நடந்தது. ஆழ்துளை போட்டு நிலத்தடி நீரை இறைத்து வெளியேற்றினால்தான் வாயு வரும், இறைத்தால் நம் போர்வெல் என்ன ஆகும் என்று விவசாயிக்குப் புரிகிற மாதிரி விளக்கினார்கள். இயற்கை விவசாயம் சொன்ன நம்மாழ்வார் ஐயா அந்தப் பிரச்சாரத்தில் இருந்தபோதுதான் 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டை பக்கம் அத்திவெட்டியில் காலமானார். கடைசி மூச்சு வரை அவர் செய்தது ஜனங்களோடு உட்கார்ந்து பேசுகிற வேலை.

கோரையாறு தம்பி, உங்களோடு நிற்பது நாலைந்து பேர். நாலைந்து பேர் மறித்தால் அது மறியல் ஆகாது, வழக்குதான் ஆகும்.

மன்னை மைந்தன்:
வழக்குக்குப் பயந்தால் வேதாரண்யத்தில் உப்பு எடுத்திருக்க முடியுமா? அதுவும் சட்டத்தை மீறியதுதானே. ராஜாஜி மனு கொடுத்துவிட்டுக் காத்திருந்தாரா?

வெண்ணாற்றங்கரை:
சட்டத்தை மீறினார்கள், மறுக்கவில்லை. ஆனால் எப்போது மீறினார்கள் என்று பாருங்கள். 1930 ஏப்ரல் 13-இல் திருச்சியிலிருந்து ஏறக்குறைய நூறு பேர் கிளம்பினார்கள். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி என்று நடந்து மாதக் கடைசியில்தான் உப்பை அள்ளினார்கள். வழியெல்லாம் தங்கினார்கள், பேசினார்கள். இவர்களுக்குச் சோறு போட்டாலோ தங்க இடம் கொடுத்தாலோ தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டார். ஜனங்கள் என்ன செய்தார்கள்? சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டுப் போனார்கள். வேதாரண்யத்தில் வேதரத்தினம் பிள்ளை இடம் கொடுத்துச் சிறைக்குப் போனார். வைரப்பன் என்ற நாவிதர் போலீஸ்காரருக்குச் சவரம் செய்ய மாட்டேன் என்று சொல்லி ஜெயிலுக்குப் போனார். உப்பை அள்ளிய கை நூறு என்றால் அதற்குப் பின்னால் இருந்த கை எத்தனை!

உங்கள் ஊரில் மரத்தில் சோறு கட்ட யார் இருக்கிறார்கள்? அதைத் தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை.

கருப்புக்கோட்டு:
சட்டப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆயுதமில்லாமல் அமைதியாகக் கூடுவது அரசியல் சட்டம் 19(1)(ஆ) தரும் உரிமை. அதை ஒழுங்குபடுத்தலாம், ஒரேயடியாக மறுக்கக் கூடாது. பொதுச் சாலையைக் காலவரையின்றி மறிப்பது கூடாது என்று 2020-இல் டெல்லி ஷாகீன் பாக் சாலை மறியல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மறியலில் பெரும்பாலும் மண்டபத்தில் வைத்துச் சாயங்காலம் விட்டுவிடுவார்கள். ஆனால் எஃப்.ஐ.ஆர். போட்டால் அது நிற்கும். டி.என்.பி.எஸ்.சி., போலீஸ் தேர்வு என்று படித்துக்கொண்டிருக்கிற பிள்ளைகளிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் முன்னால் நிறுத்துவது தப்பு.

இன்னொன்று. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஒரு மனு போடுங்கள். இந்த வாய்க்காலுக்குத் தூர்வார எந்த வருடம் எவ்வளவு ஒதுக்கினார்கள், எவ்வளவு தூரம் வாரினார்கள் என்று மட்டும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும், இல்லையென்றால் மேல்முறையீடு. கூடவே கிராம நிர்வாக அலுவலரிடம் புல வரைபடத்தில் வாய்க்காலின் அகலம் என்ன என்று பாருங்கள். போராட்டத்தில் அகலத்தை அடியில் சொல்லத் தெரிந்தவனை அதிகாரி தட்டிக்கழிக்க முடியாது.

மன்னை மைந்தன்:
30 நாள்! அதற்குள் ஐப்பசி அடைமழை பிடித்துவிடும், வக்கீல் சார். இந்த மாதிரி யோசனைகளால்தான் டெல்டா மூழ்குகிறது.

நடவுப்பாட்டு:
நான் கீழ்வேளூர்ப் பக்கம். இவ்வளவு நேரமும் பேசியதில் நடவு ஆள் ஒருவர்கூட வரவில்லை, கவனித்தீர்களா? பயிர் மூழ்கினால் களை எடுப்பு போச்சு, அறுப்பு போச்சு. நிவாரணம் வந்தாலும் சாகுபடிக்காரருக்குத்தான், கூலிக்காரப் பெண்ணுக்கு ஒன்றும் கிடையாது. முதலில் பட்டினி கிடப்பது அவர்கள்தான். அவர்களை விட்டுவிட்டு 'ஊர்க் கூட்டம்' என்றால் எந்த ஊர்?

கோரையாறு தம்பி, கூட்டத்தை எங்கே போடப் போகிறீர்கள்? கோயில் மண்டபம் என்றால் காலனித் தெருவிலிருந்து பாதிப் பேர் வர மாட்டார்கள், வந்தாலும் ஓரமாக நிற்பார்கள். நூறு நாள் வேலை நடக்கிற இடத்துக்கு மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் நீங்கள் போங்கள். கூப்பிட்டு அனுப்பாதீர்கள், நீங்களே போய்த் தரையில் உட்காருங்கள். எந்த மதகில் தண்ணீர் எதிர்த்து ஏறும், எந்த வளைவில் பாம்பும் முள்ளும் அடைத்திருக்கும் என்று அந்தப் பெண்கள் சொல்லுவார்கள். வரைபடத்தில் அது இருக்காது.

எங்கள் பக்கம் கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று கூலிப் போராட்டத்துக்காக 44 பேரைக் குடிசையில் வைத்து எரித்தார்கள். அந்தத் தீக்குப் பிறகு இந்த மண்ணுக்கு வந்து தங்கிய கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் அம்மா பழிவாங்கச் சொல்லவில்லை. வீடு வீடாகப் போனார், பெண்களைச் சேர்த்தார். 1981-இல் லாஃப்டி என்ற அமைப்பைத் தொடங்கி ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குப் பெண்கள் பெயரில் நிலம் வாங்கிக் கொடுத்தார். இறால் பண்ணையை எதிர்த்தபோதும் முன்னால் உட்கார்ந்தது பெண்கள். அவர் கணவர் ஜெகந்நாதன் ஐயா போட்ட வழக்கில்தான் 1996 டிசம்பரில் அந்தப் பண்ணைகளுக்கு எதிராக உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. களமும் உண்டு, காகிதமும் உண்டு. இரண்டுக்கும் ஆள் இருந்தது.

கோரையாறு:
அக்கா சொன்னது உறைத்தது. ஒரு சங்கடம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். கரையை வெட்டியவர்களில் ஒருவர் எங்கள் பங்காளி. அப்பா 'நல்லது கெட்டதுக்கு முகத்தில் முழிக்க வேண்டாமா' என்கிறார். மறியல் என்றால் அதிகாரியோடு சண்டை, அது சுலபம். இது வீட்டுக்குள் சண்டை.

மன்னை மைந்தன்:
அதனால்தான் மறியல் என்கிறேன். சொந்தக்காரன் முகத்தைப் பார்த்தால் எதுவும் நடக்காது. அரசாங்கம் வந்து இடிக்கட்டும்.

நடவுப்பாட்டு:
அரசாங்கம் இடித்துவிட்டுப் போய்விடும். அவர் ஊரில்தான் இருப்பார். அடுத்த வருடம் மறுபடி வெட்டுவார், இந்தத் தடவை வன்மத்தோடு.

தம்பி, உங்கள் அப்பா வயலிலிருந்து அளக்கச் சொல்லுங்கள். சர்வேயருக்குப் பணம் கட்டி, தலைமடையிலிருந்து கடைசி வரை இரண்டு கரையும் அளக்க வேண்டும், முதல் கல் உங்கள் வயலில் விழ வேண்டும். உங்கள் பக்கம் ஒரு முழம் உள்ளே வந்திருந்தால் முதலில் நீங்கள் விடுங்கள். அப்புறம் ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேரோடு பங்காளி வீட்டுக்குப் போங்கள். கூட்டத்தில் அவர் பெயரைச் சொல்லாதீர்கள், வாட்ஸ்அப்பில் போட்டோ போடாதீர்கள். தானாக விட அவருக்கு ஒரு வழி வேண்டும். அறுப்பு முடிந்ததும் விடுகிறேன் என்பார், கேட்காதீர்கள். மழைக்கு முன் கரை வேண்டும் என்று உறுதியாக நில்லுங்கள். குரலை மட்டும் உயர்த்த வேண்டாம்.

கருப்புக்கோட்டு:
இதில் ஒரு எச்சரிக்கை. ஆகாயத்தாமரையை ஊர் கூடி எடுக்கலாம், ஊராட்சிக்கும் துறைக்கும் எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்கிவிட்டுச் செய்யுங்கள். ஆனால் ஆக்கிரமித்த கரையில் நீங்கள் மண்வெட்டி வைக்கக் கூடாது. 1905 நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி நோட்டீஸ் கொடுத்து அகற்றுவது வருவாய்த் துறையின் வேலை. நீங்கள் வெட்டினால் வழக்கு உங்கள் பக்கம் திரும்பும்.

மன்னை மைந்தன்:
அரசு வேலையை நாமே இழுத்துப் போட்டுச் செய்தால் தூர்வாரிய கணக்கு எழுதிப் பில் போட்டுவிடுவார்கள். அதற்கு யார் பொறுப்பு?

வெண்ணாற்றங்கரை:
சரியான கேள்வி. அதற்குத்தான் வேலைக்கு முன்பும் பின்பும் தேதியோடு போட்டோ, வந்தவர்கள் கையெழுத்து. கஜா புயலுக்கு மறு வருடம் பேராவூரணிப் பெரியகுளத்தை இளைஞர்கள் இறங்கித் தூர்வாரினார்கள். அதற்குப் பிறகுதான் சுற்று வட்டார ஊர்களில் 'நாமும் செய்யலாம்' என்ற துணிச்சல் வந்தது. கையில் சேறு பட்டவன் அடுத்த கூட்டத்துக்குத் தவறாமல் வருவான். உங்களுக்கு இப்போது வேண்டியது அதுதான்.

கோரையாறு:
நண்பர்களிடம் பேசிவிட்டு எழுதுகிறேன். நாளை மத்தியானம் நூறு நாள் வேலை இடத்துக்குப் போகிறோம். அளவைக்கு அப்பா ஒத்துக்கொண்டார், அரை மனதாகத்தான். அக்டோபர் 2 கிராம சபையில் வாய்க்காலுக்குத் தீர்மானம் கொண்டு வருகிறோம். தகவல் மனுவும் இந்த வாரமே தபாலில் போகிறது. மறியல் வேண்டாம் என்று முடிவு, இப்போதைக்கு.

நடவுப்பாட்டு:
கிராம சபையில் பெண்கள் முன்வரிசையில் உட்காரட்டும். தீர்மானத்தைப் புத்தகத்தில் எழுதி, சத்தமாகப் படித்துக் காட்டிய பிறகு கையெழுத்துப் போடுங்கள். வெற்றுத் தாளில் வாங்குவார்கள், கொடுக்காதீர்கள்.

மன்னை மைந்தன்:
எனக்கு இன்னும் சம்மதமில்லை. தீர்மானத்தால் தண்ணீர் வடியாது. ஆனால் ஆகாயத்தாமரை எடுக்கிற அன்றைக்குச் சொல்லுங்கள், எங்கள் ஊரிலிருந்து ஆள் கூட்டிக்கொண்டு வருகிறேன், கயிறும் கொக்கிக் கம்பும் எங்களிடம் இருக்கிறது. ஐப்பசி பிறந்தும் தூர்வார மிஷின் இறங்கவில்லை என்றால் ரோட்டுக்கு வர வேண்டும். அப்போது கூட்டம் சேர்த்தவர்கள் எல்லோரும் வர வேண்டும், வெண்ணாற்றங்கரைத் தோழரும் சேர்த்துத்தான்.

வெண்ணாற்றங்கரை:
வருகிறேன், தோழர். அறிவித்துவிட்டு, ஓரமாக உட்கார்ந்து, ஆம்புலன்ஸுக்கு வழி விட்டு.