மரகாய்போவில் முந்தி ஓடுவது முறையா?

உப்புவெளியான்:
அலெக்சாண்டர் பிஃபிஸ்டர் வடிவமைத்து 2019இல் வெளிவந்த மரகாய்போ என்ற பலகை விளையாட்டை நாங்கள் நால்வர் ஞாயிறுதோறும் ஆடிவருகிறோம். அதன் ஒரு விதியை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. ஆட்டம் நான்கு சுற்றுகளைக் கொண்டது. கப்பலை ஒரு முறைக்கு ஒன்று முதல் ஏழு இடங்கள் வரை நகர்த்தலாம். கரீபியனைச் சுற்றி முடிவிடத்தை ஒருவர் எட்டினால் எல்லோருக்கும் அந்தச் சுற்று முடிந்துவிடும். நகரங்களில் சரக்கை இறக்கி, கப்பல் பலகையிலுள்ள வட்டுகளை ஒவ்வொன்றாக அகற்றி, ஒரு வசதியைத் திறக்க இரண்டு வட்டுகள் என்று பொறுமையாக எஞ்சினை, அதாவது தொடர்ந்து பலன் தரும் வசதிகளின் தொகுப்பைக் கட்டுகிறவரின் உழைப்பு, ஏழேழாகத் தாவுகிற ஒருவரால் நடுவழியில் அறுந்துபோகிறது. சென்ற வாரம் இரண்டாம் சுற்றில் நான் பாதி வழியைக்கூடக் கடக்கவில்லை. இதே வடிவமைப்பாளரின் கிரேட் வெஸ்டர்ன் டிரெயிலில் (2016) அவரவர் தம் வேகத்தில் பயண முடிவிடமான கன்சாஸ் சிட்டியை அடைகிறார்கள். ஒருவர் போய்ச் சேர்ந்துவிட்டார் என்பதால் மற்றவரின் பயணம் கலைவதில்லை.

உட்துறைமுகம்:
அண்ணா, அந்த விதியை நீக்கினால் கடல் வெறும் படமாகிவிடும். தாவுகிறவரும் விலை கொடுத்தே தாவுகிறார். ஏழு இடம் நகர்ந்து கிராமத்தில் நின்றால் மூன்று செயல்கள் கிடைப்பது உண்மைதான். ஆனால் வழியில் விட்டுவந்த நகரங்களில் அவர் சரக்கை இறக்கவில்லை, ஆகவே வட்டுகள் அவருடைய பலகையிலேயே கிடக்கின்றன. அதைவிட முக்கியமானது, வருமானம் சுற்றின் முடிவில்தான் கிடைக்கிறது என்பது. சுற்று குறுகினால் உங்கள் முறைகள் குறையும், வருமானம் குறையாது. வருமானத்தை முதலில் உயர்த்தியவருக்குக் குறுகிய சுற்று ஆதாயம். நீங்கள் கட்டியதோ பல முறைகள் கிடைத்தால் மட்டுமே பலன் தரும் எஞ்சின்.

முந்தி ஓடுவதன் பலனுக்கு நம் திருகோணமலைத் துறைமுகத்தையே பாருங்கள். 1782 ஜனவரியில் ஹியூஸின் ஆங்கிலேயக் கடற்படை அதை ஒல்லாந்தரிடமிருந்து பிடித்தது. ஆகஸ்ட் இறுதியில், ஹியூஸ் மதராசில் கப்பல்களைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தபோது பிரெஞ்சுத் தளபதி சஃப்ரன் இங்கே வந்து கோட்டைகளைப் பணியவைத்தார்; செப்டம்பர் தொடக்கத்தில் ஹியூஸ் வந்து சேர்ந்தபோது இங்கே பிரெஞ்சுக் கொடி பறந்தது.

உப்புவெளியான்:
தம்பி, அந்தச் சஃப்ரனும் கடலூரில் தம் கப்பல்களைச் செப்பனிட்ட பிறகே இங்கே வந்தார். செப்டம்பர் 3ஆம் திகதி வெளிக்கடலில் ஹியூஸோடு மோதியபோது அவருடைய முதன்மைக் கப்பல் பாய்மரத்தை இழந்தது. வெற்றி எவருக்கும் உறுதிப்படவில்லை. ஆகவே வேகம் மட்டும் போதும் என்பதற்கு அது சான்றாகாது. ஆயினும் வருமானம் பற்றி நீங்கள் எழுதியதை மறுக்க முடியவில்லை. அந்தக் கணக்கை நான் போட்டுப் பார்த்ததே இல்லை.

மனையாவெளி:
இருவரும் ஆட்களின் எண்ணிக்கையை விட்டுவிட்டீர்கள். இருவர் ஆடும்போது எதிராளி ஒருவரின் கப்பலை மட்டும் கவனித்தால் போதும். நால்வர் ஆடும்போது எதிரிகள் மூவரில் எவர் ஓடினாலும் சுற்று முடியும் என்பதால் நீண்ட சுற்று அமைவது அரிது. நான்கு பேருக்கு எஞ்சினைச் சிறிதாகத்தான் கட்ட வேண்டும்.

உப்புவெளியான்:
வரும் ஞாயிறு வருமானத்தை முன்வைத்து ஆடிப் பார்க்கிறேன். ஆனால் வருமானம் எதுவும் உயராத முதல் சுற்றிலேயே ஒருவர் ஓடத் தொடங்கினால் என்ன செய்வது என்பதற்கு இங்கே எவரும் இன்னும் விடை சொல்லவில்லை.

உட்துறைமுகம்:
அப்போது நானும் அவர் பின்னாலேயே ஓடுவேன் அண்ணா. முதல் சுற்றில் எவரிடமும் இழப்பதற்குப் பெரிதாக எதுவும் இருப்பதில்லை.