பனிக்காலத்தில் வண்டி மக்கர் பண்ணிய கதைகள்: உங்களுடையதையும் சொல்லுங்கள்

கேத்தி_மேடு:
புது பேட்டரி போட்டும் 'டிக்' சத்தம் போகாமல் மாதக்கணக்கில் உயிரை வாங்கிய வண்டி என்னுடையது. 150 சிசி பைக், கார்புரேட்டர், கிக்கர் கிடையாது. ஊட்டிப் பக்கம் ஜனவரி எப்படி இருக்கும் என்று தெரியும்தானே, விடிகாலையில் சீட்டு மேல் உறைபனி படிந்து விரலால் சுரண்டினால் பொடிப்பொடியாக உதிரும். பட்டனை அமுக்கினால் ரிலே (ஸ்டார்ட்டர் மோட்டாருக்குக் கரண்ட் விடும் சுவிட்ச்) டிக் என்று அடிக்கும், மீட்டர் விளக்கு மங்கும், அவ்வளவுதான். பத்து மணி வெயில் பட்டதும் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். கடைக்குக் கொண்டுபோவது மதியத்தில், அங்கே தொட்டதும் ஸ்டார்ட் ஆகிறது, அவர்கள் என்ன பார்ப்பார்கள், ஒரு பேட்டரியைத் தலையில் கட்டி அனுப்பிவிட்டார்கள்.

அப்புறம் எதிர்வீட்டு மாமா, லாரி எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர், காலை ஆறு மணிக்கே மப்ளரோடு வந்தார். கையில் ஒரு கருவியும் இல்லை. "பட்டனை விட்டு விட்டு அமுக்கு தம்பி" என்றார். நான் அமுக்க அமுக்க அவர் குனிந்து ஒவ்வொரு இணைப்பாகத் தொட்டுக்கொண்டே போனவர், பேட்டரியின் நெகட்டிவிலிருந்து வரும் எர்த் கேபிளை இன்ஜினில் முறுக்கியிருக்கும் போல்ட்டில் கை வைத்ததும் நின்றுவிட்டார். "இங்கே தொட்டுப் பார்." தொட்டேன். அந்தக் குளிரில் வண்டியில் எந்த இரும்பில் கை வைத்தாலும் மரத்துப்போகும், அந்த ஒரு போல்ட் மட்டும் சுட்டது.

நம்பாமல் மல்டிமீட்டர் வாங்கி வந்து, ஒரு முனை பேட்டரியின் நெகட்டிவில், இன்னொரு முனை இன்ஜின் உடம்பில் வைத்து பட்டனை அமுக்கினேன். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டவே கூடாத இடம், கிட்டத்தட்ட 2 வோல்ட் காட்டியது. அந்த 2 வோல்ட்டும் போல்ட்டைச் சுட வைக்கத்தான் போயிருக்கிறது, மோட்டாருக்குப் போய்ச் சேரவில்லை. குளிரில் ஆயில் கெட்டியாகி மோட்டார் அதிகக் கரண்ட் கேட்கும், கரண்ட் கூடக் கூட அந்த இடத்தில் இழப்பும் கூடும், அதனால்தான் காலையில் மட்டும் நோய், மதியம் சுகம். கழற்றினால் கேபிள் முனையில் இருக்கும் லக்குக்கு அடியில் பச்சைக் களிம்பு, அதற்கும் அடியில் பெயிண்ட். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்கினோம். மறுநாள் அதே பனியில் ஒரே அமுக்கில் எடுத்தது.

கொடை_சில்வண்டு:
நீங்கள் தப்பித்தீர்கள், உங்களுடையது கார்புரேட்டர். என்னுடையது பிஎஸ்6, எஃப்ஐ, அதாவது பம்பும் கம்ப்யூட்டரும் வைத்து பெட்ரோலைப் பீய்ச்சும் வண்டி. கொடைக்கானலில் ராத்திரி முழுக்கத் திறந்தவெளியில் நின்ற வண்டி. காலையில் சாவி போட்டால் இரண்டு நொடி பெட்ரோல் பம்ப் 'ங்ஙீ' என்று பாடுமே, அந்தச் சத்தமே வரவில்லை. அப்போதே எனக்கு வயிற்றைக் கலக்கியது. கூட வந்தவன் கேட்டால்தானே, "இறக்கம் இருக்கே மச்சான், செகண்ட் கியர் போட்டு விடு" என்றான். விட்டேன். கிளட்ச் விட்டதும் பின்டயர் கிறீச்சென்று இழுத்தது, இன்ஜின் சுற்றியது, ஒரு 'டப்' கூட இல்லை. ஏரி வரைக்கும் அப்படியே உருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தோம், இனி மேலே தள்ளவும் முடியாது. பால் வண்டிக்காரர் ஒருவர் நிறுத்தி, தன் வண்டி இன்ஜினை அணைத்துவிட்டு, பாசிட்டிவை முதலில் மாட்டி, நெகட்டிவைக் கடைசியாக என் இன்ஜின் இரும்பில் கவ்வ விட்டார். சாவி போட்டேன். 'ங்ஙீ...' அந்தச் சத்தத்துக்கு நான் கும்பிடு போட்டதைப் பார்த்து அவர் சிரித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

பேட்டரி அடியோடு செத்துவிட்டால் எஃப்ஐ வண்டியைத் தள்ளி ஒன்றும் ஆகாது, பம்புக்கும் ஈசியூ என்கிற அந்தக் கம்ப்யூட்டருக்கும் யார் கரண்ட் கொடுப்பது? லேசாக உயிர் இருந்தால் சில சமயம் எடுக்கும். கூட வந்தவன் இன்னும் எத்தனால் கலந்த ஈ20 பெட்ரோல்தான் காரணம் என்று சொல்லிக்கொண்டு திரிகிறான்.

காட்பாடி_வெயில்:
எல்லாரும் குளிரையே திட்டுகிறீர்கள். பேட்டரியைக் கொல்வது எங்கள் ஊர் மே மாதம். சூட்டில்தான் உள்ளே தகடு அரித்துத் தேய்ந்து, தண்ணீர் வற்றுகிறது. குளிர் வந்து அதைக் காட்டிக் கொடுக்கிறது, அவ்வளவுதான். வேலூரில் மூன்று கோடை பார்த்த பேட்டரியோடு ஏற்காடு போனேன், லூப் ரோடு முழுக்க ஜம்மென்று ஏறிய வண்டி மறுநாள் காலை செல்ஃப் 'உர்ர்... உர்' என்று முனகி நின்றது. கீழே சேலத்தில் போட்டுப் பார்த்த கடைக்காரர் பேட்டரியை எடுத்துக் குலுக்கிக் காட்டினார், உள்ளே என்னவோ கலகலவென்று ஆடியது.

பட்டறைக்காரன்:
காட்பாடி சார் சொல்வது பாதி சரி. குளிர் சும்மா காட்டிக் கொடுப்பதோடு நிற்பதில்லை. பூஜ்ஜியம் டிகிரிக்குப் பக்கத்தில் போனால் நல்ல பேட்டரி தரும் சக்தியிலேயே சுமார் மூன்றில் ஒரு பங்கை விழுங்கிவிடும், உள்ளே ரசாயனம் மெதுவாகிவிடுகிறது. பழைய பேட்டரிக்கு அதற்கு மேல் என்ன மிச்சம் இருக்கும்?

என் கதை சின்னது. ஒருத்தர் வருஷத்துக்கு ஒரு பேட்டரி வாங்கிக்கொண்டிருந்தார், ஹெட்லைட் பல்பும் அடிக்கடி போகும். சீட்டைக் கழற்றினேன், அழுகிய முட்டை நாற்றம் மூக்கில் அடித்தது. சார்ஜ் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் போய் 16 வோல்ட் ஏறிக்கொண்டிருந்தது, பேட்டரி வயிறு உப்பிக் கிடந்தது.

கேட்காவிட்டாலும் சொல்கிறேன். மீட்டர் இல்லாமல் பேட்டரி வாங்காதீர்கள். ராத்திரி நின்ற வண்டியில் சாவி போடாமல் பாருங்கள், 12.6க்கு மேல் இருந்தால் நல்ல சார்ஜ், 12.0 என்றால் கிட்டத்தட்ட காலி. பிறகு மீட்டரை வைத்தபடியே செல்ஃப் அடியுங்கள், 9.5க்குக் கீழே விழுந்தால் பேட்டரி பலவீனம். விழாமல் நின்றும் மோட்டார் சுற்றவில்லை என்றால் கேத்திக்காரர் கதை, எர்த், ரிலே, கேபிள் என்று போங்கள். ஸ்டார்ட் ஆன பிறகு ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் முறுக்கிப் பாருங்கள், 13.5 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். 12லேயே நின்றால் கரண்ட் உண்டாக்கும் மேக்னெட் காயிலோ ரெகுலேட்டரோ நடுவில் கருகிய சாக்கெட்டோ. 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டரைத் தூக்கிப் போடுங்கள், புது பேட்டரியையும் அது தின்றுவிடும். சார்ஜ் போடும்போது பேட்டரியின் ஏஎச்சில் (ஆம்பியர்-மணி, அதன் கொள்ளளவு) பத்தில் ஒரு பங்கு ஆம்பியர், 5 ஏஎச் என்றால் அரை ஆம்பியர், கார் சார்ஜரில் மாட்டி அவசரப்படாதீர்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது கடைசியில். செல்ஃப் அடிக்கும்போது கிளட்ச் பிடித்துக்கொள்ளுங்கள், கெட்டி ஆயிலில் கியர்பாக்ஸ் இழுவை குறையும். வண்டிக்கு 10டபிள்யூ30 ஆயில் சொல்லியிருக்க அதைவிடக் கெட்டியான 20டபிள்யூ50 ஊற்றிவிட்டு மலையில் வந்து புலம்புபவர்களுக்கு நான் ஒன்றும் செய்ய முடியாது. இன்ஜினை அணைக்கும் கில் சுவிட்சையும் ஒருமுறை பாருங்கள், சிரிக்காதீர்கள், பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு வருபவர்களில் அதுவும் உண்டு.

நுவரெலியா_தம்பி:
அண்ணன்மார், இங்கேயும் ஜனவரி, பெப்ரவரியில் புல் எல்லாம் வெள்ளையாகத்தான் கிடக்கும். என்னுடையது பழைய கார்புரேட்டர் மோட்டார் சைக்கிள், பற்றரி எப்போதோ செத்துவிட்டது, காந்தத்தில் இருந்தே பொறி வருவதால் கிக்கில் ஓடுகிறது. சோக்கை முழுக்க இழுத்து, சாவி போடாமல் இரண்டு மூன்று தரம் மெதுவாக மிதித்து, பிறகு சாவி போட்டு ஓங்கி மிதிக்க வேண்டும். பிடித்துவிட்டால் உடனே சோக்கைத் தள்ளிவிடக் கூடாது. அதற்குள் பக்கத்து வீட்டு அம்மா ஜன்னலைத் திறந்து ஏசத் தொடங்கிவிடுவார்.

புல்லட்_பெரியவர்:
பற்றரி செத்தும் ஓடுகிறது என்று தம்பி எழுதியதைப் படித்து மகிழ்ந்தேன். இப்போதைய பிள்ளைகளுக்கு ஒரு பட்டன் போனால் வாழ்க்கையே போய்விடுகிறது. குன்னூரில் என் பழைய புல்லட்டை சிலிண்டர் அழுத்தத்தை வெளியே விடும் டீகம்ப்ரஷன் லிவரைப் பிடித்து, பிஸ்டனை உச்சி தாண்ட வைத்து, லிவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு ஒரே மிதி. அவசரப்பட்டு உச்சிக்கு முன்னாலேயே மிதித்தால் கிக்கர் திருப்பி அடிக்கும். என் தம்பி முழங்காலுக்குக் கீழே அடி வாங்கி, அந்த வலியிலும் "வண்டிக்கு ஒன்றும் ஆகலையே?" என்று கேட்டான்.

ஓசூர்_இரவுஷிப்ட்:
ஐயா, என் வண்டிக்குக் கிக்கரே இல்லை, அதனால் பட்டன் போனால் வாழ்க்கை போய்த்தான் விடுகிறது.

எனக்குத் தொல்லை வேறு. ஊருக்குப் போய் பத்து நாள் கழித்து வந்தால் வண்டி பிணம். சார்ஜ் போட்டால் நன்றாக ஓடும், மறுபடி நிறுத்தினால் பிணம். நெகட்டிவ் வயரைக் கழற்றி நடுவில் மீட்டரை ஆம்பியரில் மாட்டினேன் (அப்படியே செல்ஃப் அடித்துவிடாதீர்கள், மீட்டர் ஃபியூஸ் போய்விடும்). சாவி எடுத்த வண்டியில் 25 மில்லி ஆம்பியர் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாளைக்கு 0.6 ஏஎச், என் 5 ஏஎச் பேட்டரி எட்டு நாளைக்கு மேல் தாங்காது. ஃபியூஸ் ஒவ்வொன்றாகப் பிடுங்கியும் எண் அசையவில்லை, கடைசியில் டேங்குக்கு அடியில் டேப் சுற்றிய ஒரு பொட்டலம். முந்தைய ஓனர் மாட்டிய ஜிபிஎஸ் ட்ராக்கர். சிவப்பு விளக்கு என்னைப் பார்த்து மினுக் மினுக் என்று கண்ணடித்துக்கொண்டிருந்தது. இத்தனை நாளாக நான் எங்கே போகிறேன் என்று அவர் பார்த்துக்கொண்டிருந்தாரா என்பதுதான் இப்போது தூக்கத்தைக் கெடுக்கிறது.

கேத்திக்காரரே, அந்த எர்த் போல்ட்டைத் தேய்த்த பிறகு மேலே என்ன பூசினீர்கள்? கிரீஸா?

கேத்தி_மேடு:
தேய்த்து முறுக்கி இறுக்கிய பிறகு வெளியே மட்டும் வாஸ்லின். கிரீஸைப் பூசிவிட்டு முறுக்காதீர்கள் என்று மாமா சொன்னார், இரும்பும் இரும்பும் நேரடியாகத் தொட வேண்டுமாம். அந்த ட்ராக்கர் சிம்மை முதலில் பிடுங்குங்கள் சாமி.