புதுப்பிப்பு: டெங்குவோடு வலிப்பு வந்த குழந்தை, காரணம் இரண்டு வைரஸ்

பதில் போட்ட எல்லோருக்கும் நன்றி. புதிதாகப் படிப்பவர்களுக்கு: பாம்பனில் இருக்கும் என் தங்கச்சி மகனுக்கு மூன்று வயது. காய்ச்சல், என்எஸ்1 பரிசோதனையில் டெங்கு, அப்புறம் வலிப்பு. மதுரைக்குக் கொண்டுபோவதா என்று கேட்டிருந்தேன்.

"வலிப்பு நின்றும் பிள்ளை தெளியவில்லை என்றால் சாதாரணக் காய்ச்சல் வலிப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், ஃப்ளூவும் பாருங்கள்" என்று எழுதிய நர்ஸ் அக்கா சொன்னதுதான் சரி. 108-இல் மதுரை போனோம். மூக்குச் சளியில் இன்ஃப்ளூயன்ஸா ஏ என்ற ஃப்ளூ வைரஸ் இருந்தது. எம்ஆர்ஐயில் மூளையின் ஆழத்தில் நடுவே இருக்கும் தலாமஸ் பகுதியில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பாதிப்பு.

எதிர்பாராதது இதுதான். டெங்குவில் குறைந்த தட்டணு (ரத்தம் உறைய உதவும் அணு) ஏறும்வரை காத்திருந்து எடுத்த முதுகுத்தண்டு நீரில் வைரஸே இல்லை. வெள்ளணுவும் கூடவில்லை, புரதம் மட்டும் அதிகம். வைரஸ் மூளைக்குள் புகுந்துவிட்டது என்றே நினைத்திருந்தோம். இந்த வகை மூளைப் பாதிப்பில் பெரும்பாலும் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அளவு மீறிப் பொங்கி மூளையைக் கெடுக்கிறதாம். அதனால் ஃப்ளூ மருந்தான ஓசெல்டாமிவிரோடு, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மெத்தில்பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டையும் நரம்பு வழியாக உடனே ஏற்றினார்கள். மூளைத்தண்டு பாதிக்காத பிள்ளைகளுக்கு முதல் 24 மணி நேரத்துக்குள் ஸ்டீராய்டு தொடங்கினால் பலன் கூடுதல் என்றார் டாக்டர்.

ஐபுபுரூஃபன் கொடுக்கச் சொன்ன தம்பி கோபிக்க வேண்டாம்: டெங்குவில் அதுவும் ஆஸ்பிரினும் ஆகாது, பாராசிட்டமால்தான்.

இப்போது வீட்டில் இருக்கிறான். நடக்கிறான்; வலது கை நடுக்கம் போகவில்லை, பேச்சும் பழையபடி இல்லை. பிசியோதெரபி தொடர்கிறது. வீட்டின் மற்ற பிள்ளைகளுக்கு ஃப்ளூ தடுப்பூசி போட்டாயிற்று. 6 மாதக் குழந்தையிலிருந்து போடலாம், ஆண்டுதோறும் போட வேண்டும்.