கோல்டன் குளோப்: அந்த உருண்டைக்கு இன்னும் என்ன மரியாதை?

கடைசிவரிசை:
ஒவ்வொரு ஜனவரியும் இதே கூத்து. அமெரிக்காவின் சினிமா, தொலைக்காட்சி விருதான கோல்டன் குளோபின் முடிவு வந்ததும் "ஆஸ்கருக்கு முன்னோட்டம்" என்று ஆளாளுக்குப் பட்டியல் போட ஆரம்பித்துவிடுகிறார்கள். கொடுத்தது யார் என்று யாரும் கேட்பதில்லை. 1944-ல் தொடங்கி 2023 வரை இதை வழங்கியது ஹாலிவுட்டில் இருந்த வெளிநாட்டுப் பத்திரிகையாளர் சங்கம். 2021-ன் தொடக்கத்தில் மொத்த உறுப்பினர்களே எண்பத்துச் சொச்சம் பேர்தான். அதில் ஒரு கறுப்பினத்தவர்கூட இல்லை என்பது 2021 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் எழுதிய பிறகுதான் பெரிய பிரச்சினையானது. 'எமிலி இன் பாரிஸ்' படப்பிடிப்பைக் காட்ட முப்பதுக்கும் மேற்பட்ட உறுப்பினர்களைப் பாரிஸுக்கே அழைத்துப்போய் நட்சத்திர ஹோட்டலில் தங்கவைத்த கதையும் அதில் வந்தது. அந்தத் தொடருக்கு இரண்டு பரிந்துரை. அதே ஆண்டு எல்லோரும் பாராட்டிய 'ஐ மே டெஸ்ட்ராய் யூ' தொடருக்கு ஒன்றுமில்லை. அப்புறம் விழாவைக் காட்டிவந்த என்பிசி தொலைக்காட்சி 2022 ஒளிபரப்பையே கைவிட்டது, டாம் குரூஸ் தான் வாங்கிய மூன்றையும் திருப்பிக் கொடுத்தார். வாங்கியவரே வேண்டாம் என்றதை நாம் ஏன் தலையில் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும்?

ரிமோட்_ராணி:
நீங்கள் சொன்னது அத்தனையும் நடந்தது, மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சங்கம் 2023-ல் கலைந்துவிட்டது. இப்போது வாக்களிப்பவர்கள் பல நாடுகளைச் சேர்ந்த 300-க்கும் மேற்பட்டவர்கள்.

எனக்கு இந்த விருது பிடிக்கக் காரணம் தொலைக்காட்சி. தொலைக்காட்சிக்கான எம்மி விருதின் கணக்கு ஜூனில் தொடங்கி மே மாதம் முடிகிறது, விழா வழக்கமாகச் செப்டம்பரில். இலையுதிர் காலத்தில் தொடங்கும் புதுத்தொடர் எம்மி மேடைக்கு வர ஏறக்குறைய ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். குளோப் ஜனவரியிலேயே அதைக் கூப்பிட்டுவிடும். 'புரூக்ளின் நைன்-நைன்' முதல் சீசன் பாதி ஓடிக்கொண்டிருந்தபோதே, 2014-ல், சிறந்த நகைச்சுவைத் தொடர் விருதை வாங்கியது. எம்மி அந்த விருதை அதற்குக் கடைசிவரை கொடுக்கவே இல்லை.

கடைசிவரிசை:
புதுசை முதலில் கண்டுபிடிப்பதில் ரசனை மட்டும் இல்லை மேடம். "நாங்கள்தான் முதலில் கைதூக்கினோம்" என்று பெயர் எடுத்தால் அடுத்த வருடம் எல்லோரும் வாசலில் வந்து நிற்பார்கள். 1982-ல் நடிகை பியா ஸடோராவுக்கு வளரும் நட்சத்திரம் விருது கொடுத்தார்களே, அவருடைய கணவர் உறுப்பினர்களை லாஸ் வேகாஸுக்கு விமானத்தில் கூட்டிக்கொண்டு போனார் என்பது ஊரறிந்த விஷயம்.

ரிமோட்_ராணி:
நாற்பது வருடத்துக்கு முந்தைய கதையை எடுத்துக்கொண்டு வந்தால் எப்படி?

கடைசிவரிசை:
அதற்கும் முந்தையது இருக்கிறது. 1968-ல், வெற்றியாளர்களை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதில் மக்களை ஏமாற்றுகிறார்கள் என்று அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையமே சொல்லி, என்பிசி 1974 வரை ஒளிபரப்பாமல் இருந்தது. இது வந்த வியாதி இல்லை, கூடவே பிறந்த வியாதி.

இருட்டறை:
நான் சண்டைக்கு வரவில்லை, ஒரே ஒரு கேள்வி. 'தி மார்ஷியன்' காமெடிப் படமா? செவ்வாய் கிரகத்தில் ஒருவன் தனியாக மாட்டிக்கொண்டு உருளைக்கிழங்கு பயிரிடுகிறான், 2016-ல் அதற்கு 'சிறந்த இசை அல்லது நகைச்சுவைப் படம்' விருது. மேடையேறிய ரிட்லி ஸ்காட்டே "காமெடியா?" என்று வியந்தார். 'கெட் அவுட்' என்ற திகில் படத்தையும் அதே பெட்டியில் போட்டார்கள். அது ஆவணப்படம் என்று அதன் இயக்குநர் ஜோர்டன் பீல் ட்விட்டரில் நக்கலடித்தார்.

ரிமோட்_ராணி:
அந்தப் பெட்டியைத் தயாரிப்பாளர்கள் தவறாகப் பயன்படுத்துகிறார்கள், உண்மைதான். எம்மியில் 'தி பேர்' தொடரை நகைச்சுவையில் போடவில்லையா? அந்தச் சமையலறையைப் பார்த்தால் எனக்கு ரத்தக்கொதிப்பு வருகிறது, சிரிப்பு வருவதில்லை. இருந்தாலும் பெட்டியே வேண்டாம் என்று சொல்லாதீர்கள். ஜிம் கேரியை எடுத்துக்கொள்ளுங்கள். 'தி ட்ரூமன் ஷோ'வுக்காக 1999-ல் டிராமா பிரிவில், 'மேன் ஆன் தி மூன்' படத்துக்காக 2000-ல் நகைச்சுவைப் பிரிவில், அடுத்தடுத்து இரண்டு குளோப். ஆஸ்கர் அவரை இதுவரை ஒருமுறைகூடப் பரிந்துரைத்ததில்லை. சிரிக்கவைப்பவன் நடிகனே இல்லை என்ற எண்ணம் அங்கே ஊறிப்போனது.

சப்டைட்டில்காரன்:
வசன மொழிபெயர்ப்பு வேலை செய்கிறவன் என்பதால் என் கோபம் வேறு. வசனத்தில் பாதிக்கு மேல் ஆங்கிலம் இல்லாத படம் குளோபில் சிறந்த படத்துக்குப் போட்டியிடவே முடியாது என்று ரொம்ப காலம் விதி இருந்தது. கொரியப் படமான 'பாரசைட்' அதனால் வெளிநாட்டு மொழிப் பிரிவில் நின்றது. சப்டைட்டில் என்பது ஓர் அங்குலத் தடைதான், தாண்டி வாருங்கள் என்று அதன் இயக்குநர் போங் ஜூன்-ஹோ 2020-ல் சொன்னது அந்த மேடையில்தான். அடுத்த வருடமே 'மினாரி'. இயக்குநர் அமெரிக்கர், தயாரிப்பு அமெரிக்கா, கதை நடப்பது ஆர்கன்சாவில். பேசுவது கொரியன் என்பதால் "வெளிநாடு"! ஒரு வரியை முப்பத்தைந்து நாற்பது எழுத்துக்குள் அடைக்க ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பவனுக்கு அதைப் படித்தபோது எப்படி இருந்திருக்கும்?

நியாயமாக அடுத்ததையும் சொல்லிவிடுகிறேன். அந்த விதியை மாற்றிவிட்டார்கள். 2025-ல் பெரும்பாலும் ஸ்பானிஷ் பேசிய 'எமிலியா பெரெஸ்' இசை நகைச்சுவைப் பிரிவில் சிறந்த படமானது. நம் நாட்டு பாயல் கபாடியா சிறந்த இயக்குநர் பரிந்துரைப் பட்டியலில் இருந்தார். ஆஸ்கரில் அவர் படத்துக்கு ஒரு பரிந்துரைகூட இல்லை.

கடைசிவரிசை:
விதி மாறியது சரி. உரிமையாளர்? டிக் கிளார்க் புரொடக்ஷன்ஸ் என்ற தயாரிப்பு நிறுவனமும் எல்ட்ரிஜ் என்ற முதலீட்டு நிறுவனமும் வாங்கியிருக்கின்றன. டிக் கிளார்க்கில் பங்கு வைத்திருக்கும் பென்ஸ்கி மீடியாதான் வெரைட்டி, ஹாலிவுட் ரிப்போர்ட்டர், டெட்லைன் என்ற மூன்று சினிமாப் பத்திரிகைகளையும் கையில் வைத்திருக்கிறது. விருதுக்கு முந்தைய மாதங்களில் "எங்கள் படத்தைக் கவனியுங்கள்" விளம்பரம் பக்கம்பக்கமாக வருவது அந்தப் பத்திரிகைகளில்தான். விளம்பரப் பணமும் அங்கே, விருதும் அங்கே. பழைய கள், புது மொந்தை.

ரிமோட்_ராணி:
இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2023 ஜனவரியில் 'நாட்டு நாட்டு' வென்ற அன்று இதே இடத்தில் பதினோரு ஆச்சரியக்குறி போட்டவர் யார்? ரிஹானா, டெய்லர் ஸ்விஃப்ட், லேடி காகா பாடல்களைத் தாண்டி கீரவாணி மேடையேறியதற்கு அப்படித் துள்ளினீர்கள். கொடுத்தது நீங்கள் திட்டும் அதே பழைய சங்கம். அப்போது இன்னும் கலையவில்லை.

கடைசிவரிசை:
பாட்டுக்காகத் துள்ளினேன். 2009-ல் ரஹ்மானுக்குக் கிடைத்தபோதும் துள்ளினேன். பிள்ளைக்குப் பரிசு கிடைத்தால் சந்தோஷப்படுவோம், அதற்காகப் பரிசு கொடுத்தவரின் கணக்குவழக்கு சுத்தம் என்று சான்றிதழ் எழுதித் தர முடியுமா?

இருட்டறை:
அப்பாடா, இருவரும் மூச்சு விடுங்கள். எனக்கு இந்த விழா என்றால் 1998. 'சிகாகோ ஹோப்' தொடருக்காக கிறிஸ்டீன் லாட்டியின் பெயரை அறிவிக்கிறார்கள், அவர் கழிவறையில். ராபின் வில்லியம்ஸ் மேடையேறி இடத்தை நிரப்ப, லாட்டி ஈரக்கையோடு ஓடி வருகிறார். அதே இரவில் ஒரு தொலைக்காட்சிப் படத்துக்காக விங் ரேம்ஸ் வென்றார். கண் கலங்கி, தன்னோடு போட்டியிட்ட ஜாக் லெம்மனை மேடைக்குக் கூப்பிட்டு விருதை அவர் கையில் கொடுத்துவிட்டார். லெம்மன் வேண்டாம் வேண்டாம் என்கிறார், இவர் விடவில்லை, அரங்கமே எழுந்து நிற்கிறது. சங்கம் பிறகு ரேம்ஸுக்கு இன்னொரு பிரதி செய்து கொடுத்தது.

கடைசிவரிசை:
அதைக் கொடுத்தது ரேம்ஸ். சங்கம் இல்லை.

ரிமோட்_ராணி:
மேடை யாருடையதாம்?

கடைசிவரிசை:
ஹில்டன் ஹோட்டலுடையது.