பக்கம் திறந்த பின்னும் நிற்காமல் சுழலும் வட்டம்: டேப்லட் குரோமில் என்ன கோளாறு?

தோட்டத்து டீச்சர், சுங்கை சிப்புட்:

அனைவருக்கும் வணக்கம். செம்பனைத் தோட்டம் ஒன்றின் மண்டபத்தில் மாலை வேளைகளில் 12 பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லித் தருகிறேன். எங்களிடம் ஆண்ட்ராய்டு 11 கொண்ட டேப்லட் ஒன்று உள்ளது. நாங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் பயிற்சித் தளத்தைக் குரோமில் திறந்தால், கேள்விகளும் படங்களும் சில விநாடிகளில் வந்துவிடுகின்றன. ஆனால் மேலே உள்ள தாவலில் வட்டம் சுழன்றுகொண்டே இருக்கிறது. முகவரிப் பட்டைக்குக் கீழே ஓடும் நீலக் கோடும் முக்கால் தூரம் போய் அப்படியே நின்றுவிடுகிறது. அது ஓயும் வரை ‘தொடங்கு’ என்ற பொத்தானைத் தொட்டாலும் பயனில்லை. பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு மணி நேர வகுப்பில் இப்படி நேரம் வீணாவது மனத்துக்குச் சங்கடமாக இருக்கிறது. கேஷ் (உலாவி சேமித்து வைத்திருக்கும் பழைய கோப்புகள்) முழுவதையும் அழித்துப் பார்த்துவிட்டேன்; மாற்றமில்லை. வேறு என்ன செய்யலாம்?

வலையமைப்புப் பணியாளர், ஈப்போ:

வணக்கம், டீச்சர். பக்கத்தைக் கண்ணால் பார்க்க முடிகிறது என்பதால் அது முழுமையாக வந்துவிட்டது என்று பொருளில்லை. ஒரு பக்கம் திறக்கும்போது படம், எழுத்துரு, நிரல், வருகையாளரை எண்ணும் கருவி எனப் பல துண்டுகளை உலாவி தனித்தனியே கேட்டு வாங்குகிறது. அவற்றில் ஒன்றுக்கு மட்டும் பதில் வராமல் போனாலும் வட்டம் நிற்காது. நீலக் கோடு காட்டுவதும் ஒரு மதிப்பீடுதான். முக்கால் தூரம் வந்துவிட்டதால் முக்கால்வாசி வேலை முடிந்தது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எல்லாத் துண்டுகளும் வந்த பிறகே வேலை செய்யும்படி அந்தப் பொத்தானை எழுதியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். பக்கத்தின் உரை வந்ததுமே இயங்கும்படி எழுதியிருக்கலாம்; அது அந்தத் தளத்தாரின் குறை.

கேஷை மீண்டும் மீண்டும் அழிக்க வேண்டாம். அது தேவையான கோப்புகளைத் திரும்ப இறக்க வைத்து, தோட்டத்து இணைப்பில் தாமதத்தைத்தான் கூட்டும். அதற்குப் பதிலாக, அதே டேப்லட்டை உங்கள் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து அதே பக்கத்தைத் திறந்து பாருங்கள். பிறகு மண்டபத்து வைஃபையில் கைப்பேசியை இணைத்தும் பாருங்கள். கோளாறு கருவியைத் தொடர்ந்து வருகிறதா, இணைப்பைத் தொடர்ந்து வருகிறதா என்பது இந்த இரண்டிலேயே தெரிந்துவிடும்.

தோட்டத்து டீச்சர், சுங்கை சிப்புட்:

மிக்க நன்றி, ஐயா. ஹாட்ஸ்பாட்டில் வட்டம் உடனே நின்று, பொத்தானும் வேலை செய்தது. மண்டபத்து வைஃபையில் என் கைப்பேசியிலும் அதே சுழற்சிதான். ஆகவே டேப்லட்டின் மீது குற்றமில்லை என்று தெரிகிறது. புதியது வாங்க நன்கொடை கேட்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நல்ல வேளையாகக் கேட்கவில்லை.

மென்பொருள் எழுதுபவர், தைப்பிங்:

அப்படியானால் மோடத்தைத்தான் பார்க்க வேண்டும். அதில் யாராவது விளம்பரத் தடுப்போ, பிள்ளைகளுக்கான வடிகட்டியோ போட்டிருக்கிறார்களா? தடுப்பதில் இரண்டு விதம் உண்டு. ‘அனுமதியில்லை’ என்று உடனே மறுத்துவிட்டால் உலாவி அந்தத் துண்டை விட்டுவிட்டு மேலே போகும். கோரிக்கையை வாங்கி ஒன்றும் சொல்லாமல் போட்டுவிட்டால், பதில் வரும் என்று நம்பி அது காத்திருக்கும். கதவைத் தட்டும்போது வீட்டில் ஆளில்லை என்று பக்கத்து வீட்டார் சொல்லிவிட்டால் திரும்பிவிடலாம்; ஒருவரும் வாய் திறக்காவிட்டால் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்.

எந்தத் துண்டு என்று கண்டுபிடிக்க ஒரு மடிக்கணினி போதும். டேப்லட்டின் அமைப்புகளில் ‘பில்ட் நம்பர்’ என்பதை 7 முறை தொட்டால் மேம்பாட்டாளர் பகுதி திறக்கும். அதில் யுஎஸ்பி டீபக்கிங்கை (டேப்லட்டைக் கம்பி வழியே கணினியிலிருந்து ஆராய விடும் வசதி) இயக்கிக் கம்பியால் இணையுங்கள். மடிக்கணினிக் குரோமின் முகவரிப் பட்டையில் குரோம் என்று ஆங்கில எழுத்தில் எழுதி, ஒரு முக்காற்புள்ளியும் இரண்டு சாய்கோடுகளும் இட்டு, இன்ஸ்பெக்ட் என்று சேர்த்தால் டேப்லட்டில் திறந்திருக்கும் பக்கங்கள் தெரியும். உரிய பக்கத்தைத் தேர்ந்து ‘நெட்வொர்க்’ பகுதியைத் திறந்து, பக்கத்தை மறுபடி ஏற்றுங்கள். மற்ற எல்லா வரிகளும் முடிந்த பின்னும் ‘பெண்டிங்’ (பதில் இன்னும் வரவில்லை) என்று நிற்கும் வரிதான் காரணம். வேலை முடிந்ததும் டீபக்கிங்கை மறக்காமல் அணைத்துவிடுங்கள். பிள்ளைகள் கையில் இருக்கும் கருவியில் அது திறந்திருக்கக் கூடாது.

தோட்டத்து டீச்சர், சுங்கை சிப்புட்:

தம்பி சொன்னபடியே செய்தேன். ஒரே ஒரு வரி மட்டும் ‘பெண்டிங்’ என்று நின்றது. அது வருகையாளர் எண்ணிக்கைக் கருவியின் முகவரி. மண்டபப் பொறுப்பாளரிடம் விசாரித்ததில், சென்ற பள்ளி விடுமுறையில் மோடத்தில் ஒரு வடிகட்டிப் பட்டியலை ஏற்றியதாகச் சொன்னார். பிள்ளைகளின் நலனுக்காக வைத்த வடிகட்டி என்பதால் அதை முழுதாக அகற்ற எனக்கு மனம் வரவில்லை. அந்த ஒரு முகவரிக்கு மட்டும் அவர் விலக்கு அளித்தார். இன்று மாலை, பக்கம் வந்த கையோடு வட்டம் நின்றது. பிள்ளைகள் பின்னக் கணக்குகள் 20-ஐயும் போட்டு முடித்த பிறகும் வகுப்பில் நேரம் மீதம் இருந்தது. பொத்தானைப் பற்றித் தளத்தாருக்கும் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன்.