நீக்கச் சொன்னது ஒரு முகவரி, போனது இரண்டும்: லினக்ஸ் கர்னல் ஏன் இப்படிச் செய்கிறது?

பாமணிக்கரை கேட்டது:

வணக்கம். நீடாமங்கலத்திலிருந்து மன்னார்குடி போகும் வழியில் ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன். படித்தது பி.காம். சர்வருக்கென்று தனி ஆள் வைக்கும் அளவுக்கு ஆலை பெரிதில்லை. அதனால் ஏழு வருடமாக நானே கற்றுக்கொண்டு, நானே பார்த்துவருகிறேன்.

சர்வர் என்பது பழைய மேசைக் கணினிதான், லினக்ஸ் ஓடுகிறது. எடைமேடை அறை, கொள்முதல் மேசை, கிடங்கு, என் மேசை ஆகிய நான்கு இடத்துக் கணினிகளும் 192.168.1.10 என்ற முகவரியில் அதைத் தேடும். ஆடி மாதம் புது ரூட்டர் வந்தது. அது 2 முதல் 100 வரையுள்ள எண்களைத் தானாகவே பிறருக்குக் கொடுத்துவிடுகிறது. ஒருநாள் யாரோ ஒருவருடைய கைபேசிக்கு 10 போய்விட, எடைமேடை அரை மணி நேரம் நின்றது. அதனால் சர்வரை 200க்கு மாற்ற முடிவு செய்தேன்.

அவசரப்படவில்லை. அதே போர்ட்டில் (வலையமைப்புக் கேபிள் செருகும் இடம்) 192.168.1.200ஐ இரண்டாவது முகவரியாகச் சேர்த்தேன். இரண்டுமே /24, அதாவது முதல் மூன்று எண்களும் ஒன்றாக இருப்பவை ஒரே வலையமைப்பு. பத்து நாள் இரண்டும் ஓடின. கணினிகளை ஒவ்வொன்றாக 200க்கு மாற்றினேன். மறுதொடக்கத்தின்போது படிக்கும் கோப்பிலும் 200ஐ மட்டும் எழுதிவைத்தேன். வியாழக்கிழமை மாலை, சர்வர் முன்னால் உட்கார்ந்து, 10ஐ மட்டும் நீக்கும் கட்டளையை மூன்று முறை படித்துப் பார்த்துவிட்டு எண்டர் தட்டினேன்.

பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. எடைமேடையிலிருந்து "அக்கா, போச்சு" என்று குரல்தான் வந்தது. பட்டியலைப் பார்த்தால் 10ம் இல்லை, 200ம் இல்லை. வெளியே பதினொரு டிரெய்லரில் ஆடுதுறை 43 ரக நெல் நிற்கிறது, மேற்கே இருட்டிக்கொண்டு வருகிறது. அறுத்த நெல்லை நனையவிட்டால் அந்த விவசாயிக்கு என்ன ஆகும் என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

200ஐ மறுபடி சேர்த்தேன். நான்கு கணினிகளும் திரும்பின. ஆனால் எடைச்சீட்டுக் குறுஞ்செய்தி மட்டும் போகவில்லை. சர்வரிலிருந்து இணையமே இல்லை. கடைசியில் சர்வரை அணைத்துப் போட்ட பிறகு எல்லாம் சரியானது.

நான் தொடாத முகவரி எப்படிப் போனது? அதைத் திரும்பச் சேர்த்தும் இணையம் ஏன் வரவில்லை? இன்னொன்றும் அன்று கண்ணில் பட்டது. சர்வரில் கேமராவுக்கென்று இரண்டாவது போர்ட் உண்டு, முகவரி 192.168.5.1. இடி விழுந்து கேமரா கெட்டதிலிருந்து அதில் கேபிளே இல்லை. ஆனாலும் சர்வரிலிருந்து அந்த முகவரிக்குப் பிங் அடித்தால் (இருக்கிறாயா என்று கேட்டுச் சோதித்தால்) உடனே பதில் வருகிறது. யார் பதில் சொல்கிறார்கள்?

எங்கள் முதலாளிக்குத் திருத்துறைப்பூண்டிப் பக்கம் இன்னோர் ஆலை இருக்கிறது. சம்பா நெல் வரும் முன் அங்கேயும் இதே மாற்றத்தைச் செய்ய வேண்டும். காரணம் தெரியாமல் அந்தக் கட்டளையை இன்னொரு முறை தட்ட எனக்கு மனமில்லை.

அரசலாறு எழுதியது:

அம்மா, உங்கள் கட்டளையில் பிழை இல்லை. லினக்ஸின் மையநிரலான கர்னலை அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள்.

ஒவ்வொரு போர்ட்டுக்கும் கர்னல் ஒரு முகவரிப் பட்டியல் வைத்திருக்கிறது. புதிய முகவரி ஒன்று வந்தால், அதே மாஸ்க்கோடு (நீங்கள் எழுதிய /24 போன்ற அளவு) அதே வலையமைப்பைச் சேர்ந்த முகவரி அந்தப் பட்டியலில் முன்பே இருக்கிறதா என்று பார்க்கும். இல்லாவிட்டால் புதியது முதன்மை முகவரி. இருந்தால், புதியதன்மேல் 'செகண்டரி' என்று முத்திரை குத்தி, முன்னதற்குக் கீழே வைத்துவிடும். முகவரிகளைப் பட்டியலிட்டபோது 200 இருந்த வரியில் அந்தச் சொல் நிச்சயம் இருந்திருக்கும். சாதாரண நாளில் அதை யாரும் கவனிப்பதில்லை.

ரேஷன் கார்டை நினைத்துக்கொள்ளுங்கள். குடும்பத் தலைவர் பெயரை நீக்கினால் அடுத்தவரைத் தலைவராக்கிக் கார்டைத் தொடரலாம். கார்டையே ரத்தும் செய்யலாம். கர்னல் தன் இயல்பில் இரண்டாவதைச் செய்கிறது. மூலநிரலில் ஐபிவி4 (192.168.1.10 போன்ற முகவரி முறை) பிரிவின் டெவ்இனெட் என்ற கோப்பைத் திறந்து, முகவரியை நீக்கும் பகுதியைப் படியுங்கள். முதன்மையை நீக்கினால் அதன் செகண்டரிகளும் நீங்கும், செகண்டரியை முதன்மையாக்கும் பதவி உயர்வு இயக்கப்பட்டிருந்தால் தவிர என்று அங்கேயே குறிப்பு இருக்கிறது. அந்தப் பதவி உயர்வுக்கான திருகின், அதாவது அமைப்பு எண்ணின், பெயர் 'ப்ரமோட்_செகண்டரிஸ்'. கர்னல் தருவது 0. கணினி தொடங்கும்போது சேவைகளை இயக்கும் சிஸ்டம்டி தன்னோடு தரும் அமைப்புக் கோப்பு அதை 1 ஆக்கிவிடுகிறது. ஒரே கட்டளை ஓர் இயந்திரத்தில் மற்ற முகவரிகளை ஒன்றும் செய்யாமல், இன்னோர் இயந்திரத்தில் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போவது இதனால்தான். உங்கள் பழைய கணினியில் அது 0 என்றே நினைக்கிறேன். 'ஆல்' என்பதன் கீழ் 1 என்று வைத்தால் எல்லாப் போர்ட்டுக்கும் செல்லும். இத்தகைய எண்களைத் தொடக்கத்தில் அமைக்கும் சிஸ்கண்ட்ரோல் கோப்பிலும் எழுதிவையுங்கள், இல்லாவிட்டால் மறுதொடக்கத்தில் மறந்துவிடும்.

செகண்டரிக்கு இன்னொரு விளைவும் உண்டு. அந்தப் பத்து நாளும் சர்வர் தானாகத் தொடங்கிய பேச்சுகளில் அனுப்புநர் முகவரியாக 10தான் போயிருக்கும், 200 அல்ல. 200க்கு வருகிறவர்களுக்கு 200லிருந்து பதில் சொல்லியிருக்கும். இதை அறியாமல் ஃபயர்வாலில் (போக்குவரத்தை வடிகட்டும் காவலில்) 200ஐ மட்டும் அனுமதித்துவிட்டுத் தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இணையம் வராத காரணத்துக்கு வருகிறேன். ஒரு போர்ட்டின் கடைசி ஐபிவி4 முகவரியும் போய்விட்டால், அந்தப் போர்ட் வழியாகப் போகும் வழிகள் எல்லாவற்றையும் கர்னல் துடைத்துவிடும். ரூட்டரை நோக்கிய இயல்பு வழியும் (வேறு வழி இல்லாதவை எல்லாம் போகும் வழி) அதோடு போகும். நீங்கள் 200ஐத் திரும்பச் சேர்த்தபோது 192.168.1.0/24க்கான வழியைக் கர்னல் தானே போட்டுக்கொண்டது, அதனால் ஆலைக்குள் எல்லாம் திரும்பியது. இயல்பு வழியைப் போடுவது கர்னலின் வேலை அல்ல. அது தொடக்கத்தில் கோப்பைப் படித்து அமைக்கும் நிரலின் வேலை, நீங்கள் மறுதொடக்கம் செய்தபோதுதான் அது ஓடியது. அன்று ரூட்டரின் முகவரியைச் சொல்லி இயல்பு வழியைக் கையால் சேர்த்திருந்தாலே போதும்.

மூன்றாவது கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. முகவரி போர்ட்டுக்குச் சொந்தம் என்றுதான் நாம் எல்லோரும் நினைக்கிறோம், கட்டளையும் அப்படித்தான் எழுத வைக்கிறது. லினக்ஸில் முகவரி கணினி முழுமைக்கும் சொந்தம். ஒரு முகவரியைச் சேர்த்தவுடன், 'லோக்கல்' என்ற 255ஆம் வழி அட்டவணையில் "இது நான்தான்" என்று ஒரு வரி ஏறுகிறது. அந்த அட்டவணையைத் திறந்து பாருங்கள், 192.168.5.1 அங்கே இருக்கும். நீங்கள் பிங் அடித்தபோது பாக்கெட் அந்தப் போர்ட்டின் பக்கமே போகவில்லை. கணினி தன்னோடு தானே பேசும் லூப்பேக் வழியாக உள்ளேயே திரும்பிவிட்டது.

கும்பகோணத்தில் எங்கள் பாட்டி வீடு ஒரு தெருவில் திண்ணையும் மறு தெருவில் கொல்லைக் கதவுமாக நீண்டு கிடக்கும். எந்தக் கதவில் நின்று பெயர் சொல்லிக் கேட்டாலும், அந்தப் பெயருக்கு உரியவர் வீட்டில் இருந்தால் குரல் கொடுப்பார். கர்னலும் அப்படித்தான். 1989 அக்டோபரில் வெளியான இணையத் தர ஆவணமான ஆர்எஃப்சி 1122 இதை வலுவற்ற மாதிரி (எந்தப் போர்ட்டில் வந்தாலும் ஏற்பது), வலுவான மாதிரி (அந்தந்தப் போர்ட்டில் வந்தால் மட்டும் ஏற்பது) என்று இரண்டாகப் பிரித்துப் பேசி, இரண்டையும் அனுமதிக்கிறது. லினக்ஸ் ஐபிவி4இல் முதலாவதைத் தேர்ந்துகொண்டது.

மணிக்கூண்டு எழுதியது:

அரசலாறு அண்ணன் சொன்ன கொல்லைக் கதவு என்னை இரண்டு நாள் அலைய விட்டது, அதைச் சொல்லிவிடுகிறேன். மயிலாடுதுறையில் ஓர் அச்சகம். சர்வரில் இரண்டு போர்ட், இரண்டும் ஒரே சுவிட்சில், முகவரி 21, 22. வடிவமைப்புக் கோப்புகள் 22இல் வரட்டும், பில் போடுவது 21இல் நடக்கட்டும் என்று பிரித்தேன். 22க்கு அனுப்பிய கோப்பெல்லாம் முதல் போர்ட்டிலேயே வந்து விழுந்தது. கேபிளை மாற்றினேன், சுவிட்சை மாற்றினேன். பிறகுதான் ஒரு கணினியின் ஆர்ப் பட்டியலைப் (எந்த முகவரி எந்த வன்பொருளில் என்று குறித்துவைப்பது) பார்த்தேன். 21, 22 இரண்டுக்கும் ஒரே மேக் எண், அதாவது போர்ட்டின் வன்பொருள் எண்.

"22 யார்?" என்று ஆர்ப் கேள்வி வந்தால் இரண்டு போர்ட்டும் "நான்" என்று சொல்லும். கேட்டவர் எந்தப் பதிலைப் பிடித்துக்கொள்கிறாரோ அந்தப் போர்ட்டுக்குத்தான் எல்லாம் வரும். 'ஆர்ப்_இக்னோர்' 1, 'ஆர்ப்_அனௌன்ஸ்' 2 என்று இரண்டு திருகுகளை வைத்தால் அந்தந்த முகவரிக்கு அந்தந்தப் போர்ட் மட்டும் பதில் சொல்லும். ஆனாலும் வெளியே போவது பழையபடி முதல் போர்ட்டில்தான் போகும். ஒரே வலையமைப்பின் முகவரிகளை இரண்டு போர்ட்டில் பிரித்து வைக்காதீர்கள். வேகம் வேண்டுமென்றால் இரண்டையும் பாண்டிங் செய்து ஒன்றாக்கிவிடுங்கள்.

கீழவாசல் எழுதியது:

திருகைத் தொட வேண்டாம் என்றால் 200ஐ /32 ஆக (அந்த ஒரே முகவரி மட்டும் கொண்ட வலையமைப்பாக) சேர்க்கலாமே? மாஸ்க் வேறு என்பதால் அது செகண்டரி ஆகாது, 10 போனாலும் நிற்கும். இன்னொன்று, போர்ட்டை டவுன் செய்து (நிறுத்தி) சோதிப்பவர்கள் கவனிக்க: ஐபிவி4 முகவரி பட்டியலில் அப்படியே இருக்கும், புதிய முறையான ஐபிவி6 முகவரிகள் இயல்பாகவே நீங்கிவிடும்.

அரசலாறு எழுதியது:

தம்பி, /32 நிற்கும் என்பது சரி. ஆனால் /24க்கான வழியைக் கொண்டுவந்தது 10தான், அது போகும்போது வழியையும் கொண்டு போய்விடும். 200 மட்டும் தனியே நிற்கும், எடைமேடையை எட்ட வழி இருக்காது. அம்மாவுக்கு அது வேண்டாம்.

அம்மா, ஆலை சர்வரில் சோதிக்காதீர்கள். உங்கள் மேசைக் கணினியில் லினக்ஸ் இருந்தால் 'டம்மி' வகையில் ஒரு பொய்ப் போர்ட்டை உண்டாக்கி, 10.9.9.1/24, 10.9.9.2/24 இரண்டையும் வரிசையாகச் சேர்த்து விளையாடுங்கள். பக்கத்துத் திரையில் 'ஐபி மானிட்டர்' கட்டளை ஓடட்டும். கர்னல் ஒவ்வொரு மாற்றத்தையும் நெட்லிங்க் என்ற தன் செய்தித் தடம் வழியாக அறிவிக்கும், அது அங்கே வரிவரியாக விழும்.

பாமணிக்கரை எழுதியது:

மூவருக்கும் நன்றி. நேற்று இரவு ஆலை ஓய்ந்த பிறகு செய்து பார்த்தேன்.

சர்வரில் ப்ரமோட்_செகண்டரிஸ் 0தான். என் மேசைக் கணினியில் 1 இருந்தது. அதை முதலில் 0 ஆக்கி, டம்மியில் 10.9.9.1ஐ நீக்கினேன். மானிட்டரில் முதலில் விழுந்தது 10.9.9.2 நீங்கிய செய்தி. அதற்கு அடுத்த வரியில்தான் நான் நீக்கச் சொன்ன 10.9.9.1. கீழே இருப்பவர்களை வெளியே அனுப்பிவிட்டுத்தான் தலைவர் போகிறார். வியாழக்கிழமை ஒரு நொடியில் நடந்தது இதுதான் என்று கண்ணால் பார்த்தபோது, எட்டு நாளாக நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது.

பிறகு 1 என்று வைத்து மறுபடி செய்தேன். 10.9.9.1 நீங்கியது, அடுத்த வரியில் 10.9.9.2 புதிதாக வந்ததுபோல் அறிவிப்பு. பட்டியலில் பார்த்தால் 'செகண்டரி' என்ற சொல் போய்விட்டது.

திருத்துறைப்பூண்டி ஆலையில் ஞாயிற்றுக்கிழமை செய்யப்போகிறேன், அன்று லோடு வராது. அங்கே முதல் வேலையாக அந்த எண் 0வா 1ஆ என்று பார்ப்பேன், ரூட்டர் முகவரியையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போவேன். அரசலாறு ஐயா, இயல்பு வழியில் மூல முகவரி (அனுப்புநர் முகவரி) என்று 10 எழுதியிருந்தால், பதவி உயர்வு இருந்தாலும் அந்த வழி போய்விடுமா?

அரசலாறு எழுதியது:

போய்விடும். நீக்கப்படும் முகவரியை மூலமாகக் கொண்ட வழிகளைக் கர்னல் விட்டுவைக்காது. ஞாயிற்றுக்கிழமை 10ஐ நீக்கும் முன் வழிகளைப் பட்டியலிடுங்கள். ரூட்டரைக் காட்டும் வரியில் 'எஸ்ஆர்சி' (மூலம்) என்று இருந்து அதன் பக்கத்தில் 10 இருந்தால், முதலில் அந்த வழியை 200ஐ மூலமாக வைத்து மாற்றிவிட்டு, அப்புறம் முகவரியைத் தொடுங்கள்.