க்யூ7-லிருந்து மக்கானுக்கு மாறினேன், பின் சீட்டில் அம்மாவுக்கு இடுப்பு வலி

ஆறு வருடம் ஏர் சஸ்பென்ஷன் (ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பை) உள்ள ஆடி க்யூ7 ஓட்டிவிட்டு, மூன்று மாதம் முன்பு 2022 போர்ஷே மக்கான் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். 2 லிட்டர் பெட்ரோல், சாதாரண ஸ்பிரிங். ஓட்ட அருமை. ஆனால் பின் சீட்டில் வரும் அம்மாவுக்கு வேளச்சேரி பள்ளங்களில் இடுப்பு போய்விடுகிறது. வாங்கும்போது பின்னால் உட்கார்ந்து பார்க்காதது என் தப்புதான்.

20 அங்குல சக்கரம்: டயர் முன்னால் 265/45, பின்னால் 295/40 (முதல் எண் அகலம் மி.மீ.-இல், அடுத்தது அந்த அகலத்தில் பக்கச்சுவர் உயரம் எத்தனை சதவீதம் என்பது). காற்றைக் கதவோர ஸ்டிக்கர் அளவுக்குக் குறைத்தேன். அலைன்மென்ட், ஷாக் அப்சார்பர், புஷ் (சஸ்பென்ஷன் இணைப்புகளில் உள்ள ரப்பர்) எல்லாம் பார்த்தாயிற்று, சரியாகவே இருக்கின்றன. குஷனும் வாங்கிப் போட்டேன். அம்மா அதைத் தூக்கி டிக்கியில் வைத்துவிட்டார்.

இதே வண்டியில், டயர் பக்கச்சுவர் உயரமாக இருக்கும் 19 அங்குலத்துக்கு (முன்னால் 235/55, பின்னால் 255/50) மாறியவர்கள் யாராவது உண்டா, பின் சீட்டில் வித்தியாசம் தெரிகிறதா?